தீவனக் கிடங்கில் தொடங்கும் வருமானம்

முட்டைக் கோழிப் பண்ணைகளுக்கு நடைமுறை மூலதனக் கடன் வழங்கும் வங்கி அலுவலர்கள், இருப்புச் சரிபார்ப்புக்குச் செல்லும்போது தீவன மூட்டைகளை எண்ணுவோம், விலைப்பட்டியலோடு ஒப்பிடுவோம், கையொப்பமிட்டுத் திரும்புவோம். மூட்டையைத் திறந்து பார்த்தவர்கள் எங்களில் மிகச் சிலரே. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே இருந்தேன்.

2021 நவம்பரில் திருப்பதி, சித்தூர் பகுதிகளில் பெய்த பெருமழை பலருக்கும் நினைவிருக்கும். அம்மழைக்குப் பிந்தைய வாரங்களில், சித்தூரை அடுத்த ஊரில் 10,000 கோழிகள் வளர்க்கும் வாடிக்கையாளர் ஒருவர் கிளைக்கு வந்தார். ஒரு தவணை தவறியிருந்தது. அடுத்ததும் இயலாது என்றார். நூற்றுக்குத் தொண்ணூறு கோழிகள் முட்டையிட்ட பண்ணையில் எழுபத்தைந்துதான் இடுகின்றன, ஓடு மெலிந்து தட்டிலேயே உடைகின்றன என்று வருந்தினார். 90 நாட்களுக்கு மேல் நிலுவை நீடித்தால் கணக்கு வாராக்கடனாகிவிடும் என்பதை அவரும் அறிந்திருந்தார்.

அவர் சொன்ன எண்களைத் தாளில் எழுதிப் பார்த்தோம். ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் உண்கிறது. பத்தாயிரம் கோழிகளுக்கு 1,100 கிலோ. 9,000 முட்டை கிடைக்கும்போது ஒரு முட்டைக்கு 122 கிராம் தீவனம் செலவாகிறது. 7,500 மட்டுமே கிடைத்தால் ஏறத்தாழ 147 கிராம். மழையில் விலை குறைந்து வந்த மக்காச்சோளத்தையும் கடலைப் புண்ணாக்கையும் வாங்கியதில், கலவைத் தீவனத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாய் மிச்சம் என்று அவர் கணக்கிட்டிருந்தார். ஆகவே நாளுக்கு 1,100 ரூபாய் மிச்சம். இழந்த 1,500 முட்டைகளை நான்கு ரூபாய் வீதம் கொண்டாலும் நாளுக்கு 6,000 ரூபாய் நட்டம்.

ஓடு மெலிந்ததும் அவர் முதலில் கிளிஞ்சலைக் கூட்டினார். பயனில்லை. பண்ணைக்கு வந்த கால்நடை மருத்துவர், கோழிகளைப் பார்க்குமுன் கிடங்கைத் திறக்கச் சொன்னார். சுவரையொட்டித் தரையில் அடுக்கிய மூட்டைகளின் அடிப்பகுதி கட்டி தட்டிப் பச்சை படர்ந்திருந்தது. இறந்த கோழியொன்றை அறுத்துப் பார்த்ததில் கல்லீரல் வெளிறி மஞ்சளாயிருந்தது. பூஞ்சைநச்சு, அதாவது அஃப்ளாடாக்சின், என்றார் அவர்.

இந்நச்சு உலகின் கவனத்துக்கு வந்ததே கோழியினத்தாலும் கடலையாலும்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையே காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. நிலக்கடலை விளையும் நம் பகுதிக்கு இது தொலைதூரச் செய்தியன்று. வணிகவியல் படித்த எனக்கு மருத்துவர் விளக்கியபின்தான் புரிந்தது: மஞ்சள் கருவுக்கான கொழுப்பும் புரதமும் உருவாவது கோழியின் கல்லீரலில். வைட்டமின் டி உடலுக்குப் பயன்படும் நிலைக்கு மாறும் முதற்படியும் அங்கேதான். கல்லீரல் கெட்டபின் கிளிஞ்சலைக் கொட்டினாலும் அது ஓட்டுக்குப் போய்ச் சேராது.

நல்ல தீவனத்தில்கூடச் சுண்ணாம்புச் சத்தைக் கொடுக்கும் நேரம் முக்கியம். ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் தேவை. கோழி தான் உண்பதில் ஏறக்குறைய பாதியையே உடலில் ஏற்பதால், தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு வரை அது இருக்க வேண்டும். ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி, கோழி உண்ணாத இரவு நேரம். எனவே ஒரு பகுதியைப் பொடியாகவன்றி, 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள குருணையாக மாலைத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். அது அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரைகிறது. முட்டையிடும் பருவத்தை எட்டாத இளங்கோழிகளுக்கு இதே தீவனத்தைக் கொடுப்பது தவறு. மிகையான கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவற்றுக்கு ஒரு விழுக்காடளவே போதும்.

புரதம் 16 முதல் 18 விழுக்காடு என்பது பலரும் அறிந்ததே. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் சேர்ந்த கலவையில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அதைத் தனியே சேர்க்காவிட்டால் முட்டை சிறுக்கும்.

நம் கோடைக்கும் ஒரு கணக்கு உண்டு. வெயில் 40 பாகையைத் தொடும் நாட்களில் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். மூச்சிரைப்பதால் ஓட்டுக்குரிய கார்பனேட்டும் குறையும். விடியற்காலையிலும் மாலையிலும் தீவனமிடுவதும், குறைந்த அளவிலேயே முழுச் சத்தும் கிடைக்குமாறு கலவையை மாற்றுவதும் பண்ணையாளர்களின் வழக்கம். தண்ணீர் சாதாரண நாட்களிலேயே தீவனத்தின் இரு மடங்கு வேண்டும். கூரைமேல் தொட்டி வைத்திருப்போர் நண்பகலில் அந்நீரைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

முட்டை விலை நம் கையில் இல்லை. 1982 முதல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை அறிவித்துவருகிறது. சித்தூருக்கும் தனி விலை உண்டு. பண்ணைச் செலவில் மூன்றில் இரு பங்குக்கும் மேலாகும் தீவனமோ முழுக்கப் பண்ணையாளர் கையில் உள்ளது. ஆயினும் விலையைப் பற்றி என்னிடம் பேசியவர்களில் பாதிப்பேர்கூடக் கிடங்கைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த வாடிக்கையாளர் கெட்ட சரக்கு முழுவதையும் புதைத்தார். நச்சை ஈர்க்கும் மருந்துப்பொடியைச் சேர்த்து அதையே கொடுத்துத் தீர்க்கலாமா என்று கேட்டதற்கு மருத்துவர் இசையவில்லை; அப்பொடி சிறிதளவு நச்சுக்கே உதவும், கட்டி தட்டிய சரக்குக்கு உதவாது என்றார். தவணைகளை மாற்றியமைத்தோம், புதிய சரக்கு வாங்க வரம்புக்குள் இடமும் இருந்தது. முட்டை எண்ணிக்கை பல வாரங்களில் படிப்படியாகத் தேறியது, தொண்ணூறை எட்டவில்லை. முதிர்ந்த கோழிகள், அவ்வளவுதான்.

இப்போது அவர் கிடங்கில் மூட்டைகள் மரச்சட்டங்களின் மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிற்கின்றன. முதலில் வந்தது முதலில் செலவாக, ஒவ்வொன்றிலும் தேதி எழுதியிருக்கிறார். சென்ற முறை நான் எண்ணத் தொடங்குமுன், ஒரு மூட்டையைப் பிரித்து மக்காச்சோளம் ஒன்றை என் கையில் வைத்து, "கடித்துப் பாருங்கள் சார்" என்றார். கடித்தேன். நொறுங்கென்று உடைந்தது.