யாரை வென்றார்?

மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளக் களப்புமாக இரு நீர்ப்பரப்புகளுக்கு இடையே கிடக்கிறது நுரைச்சோலை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது களப்பிலே தொழில் செய்வோர் உளர். வள்ளத்தைக் கரையேற்றிவிட்டுக் காத்திருப்போர் உளர். கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து செல்வோரும் உளர். அத்தகைய ஊரில் ஒருவர் தம் மீன்பாட்டைப் புகழ்ந்து பேசினால், கடலறிந்த முதியவர் எத்தனை இறாத்தல் என்று மட்டும் கேட்டு நிறுத்தமாட்டார். எந்த மாதத்தில், எந்த நீரில் என்றும் கேட்பார். குத்துச்சண்டை வீரர் ஒருவருடைய பெருமையை எடைபோடப் புகுவோரும் இவ்வாறே கேட்டல் வேண்டும்.

ஆயினும் எண்ணிக்கைக்கு ஒரு மயக்கம் உண்டு. இத்தனை போட்டி, இத்தனை வெற்றி, தோல்வியே இல்லை என்றவுடன் கேட்பவர் வாயடைத்துப் போகிறார். வீழ்ந்தவர்களின் பெயர்கள் பட்டியலில் நிரையாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு பெயரும் சண்டை நடந்த அந்த இரவில் எத்தகைய மனிதரைக் குறித்தது என்று ஆராய்வோர் சிலரே. வட சென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகள் மோதிய காலத்தில் பரம்பரையின் பெயரே எதிராளியின் தரத்துக்கு ஓரளவு சான்றாக நின்றது. உலகப் பட்டங்களுக்கான போட்டிகளில் அந்த வசதியும் இல்லை.

ஒரே பெயர் இரு வேறு மனிதரைக் குறிக்கலாம் என்பதற்கு ஆர்ச்சி மூர் நல்ல சான்று. றொக்கி மார்சியானோ, முகம்மது அலி ஆகிய இருவரின் வெற்றிப் பட்டியலிலும் இவர் பெயர் உண்டு. மூர் எந்த ஆண்டிற் பிறந்தார் என்பதே ஒரு வழக்கு. 1916 என்று அவர் சொன்னார்; 1913 என்று அவருடைய தாயார் சொன்னார். இவ்விடயத்தில் தாயார் பக்கம் சாய்வதே பொருத்தம். 1955 செப்டெம்பரில் மார்சியானோவை எதிர்த்தபோது அவர் குறைபாரப் பெரும்பிரிவின் உலகச் சாம்பியன். அவ்வாண்டு மே மாதத்தில் தம்மினும் பாரமான நினோ வால்டெசையும், யூன் மாதத்தில் போபோ ஒல்சனையும் வென்று நல்ல வலுவோடு மேடையேறியவர். இரண்டாம் சுற்றிலேயே மார்சியானோவைத் தரையில் வீழ்த்தினார்; ஒன்பதாம் சுற்றில் தாம் வீழ்ந்தார். 1962 நவம்பரில், அன்று கசியஸ் கிளே என்றழைக்கப்பட்ட அலியை எதிர்த்தபோதோ, தாயார் கணக்குப்படி அவருக்கு 48 வயது. நான்காம் சுற்றோடு சண்டை முடிந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் தம்மிடம் பயில வந்த இளைஞனிடமே அவர் தோற்றார். பட்டியலில் இரண்டும் ஒரு வரிதான். ஆனால் முதலாவது வரியின் எடை வேறு, இரண்டாவதன் எடை வேறு.

இதைக் கொண்டு, வயது முதிர்ந்தவரை வெல்வது வெற்றியே அன்று என முடிவு கட்டுவதும் தவறாகும். மார்சியானோ 1951இல் ஜோ லூயிசை வென்றபோது லூயிசுக்கு 37 வயது. ஓய்வு பெற்றிருந்தவர், வரிக்கடன் நெருக்கவே மீண்டும் மேடையேறியவர். அடுத்த ஆண்டு மார்சியானோ வென்ற ஜேர்சி ஜோ வோல்கொட்டுக்கு வயது 38. இவர் லூயிசினும் முதியவராக இருந்தபோதிலும் அன்று உலகச் சாம்பியன். முதற் சுற்றில் மார்சியானோவை வீழ்த்தியவர். பன்னிரண்டாம் சுற்று வரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் முன்னின்றவர். பதின்மூன்றாம் சுற்றில் விழுந்த ஒரு குத்தே பட்டத்தைக் கைமாற்றியது. பெயரின் புகழில் லூயிஸ் பெரியவர். ஆயினும் அந்த இரண்டு இரவுகளில் வோல்கொட்டை வென்றதே பெரிய வெற்றி.

லூயிசின் பட்டியலும் ஏளனத்துக்குத் தப்பவில்லை. 1937 முதல் 1949 வரை பட்டத்தைத் தம்மிடம் வைத்திருந்து 25 முறை காத்துக்கொண்டவர் அவர். 1940 டிசம்பர் முதல் 1941 யூன் வரை மாதந்தோறும் ஒருவரை எதிர்த்து ஏழு முறை களமிறங்கினார். மாதத்துக்கொரு சோதா என்னும் கருத்தில் பத்திரிகையாளர் எள்ளி நகையாடினர். ஆனால் அந்த வரிசையில் மே மாதத்தில் வந்த படி பேயர் லூயிசைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளினார். யூன் மாதத்தில் வந்த பில்லி கொன், லூயிசினும் ஏறத்தாழ 25 இறாத்தல் குறைந்தவர். பன்னிரண்டு சுற்று முடிவில் இரு நடுவர்கள் கொன் முன்னிற்பதாகக் கணித்தனர். மூன்றாமவர் சமநிலை என்றார். பதின்மூன்றாம் சுற்று முடிய இரண்டே விநாடிகள் இருக்கையில் கொன் வீழ்ந்தார். எள்ளி நகைத்தவர்கள் சண்டைக்கு முன்னரே எடைபோட்டவர்கள் என்பதை மறத்தலாகாது.

இன்னுமொரு பொறி உண்டு. முதலாமவர் இரண்டாமவரை வென்றார், இரண்டாமவர் மூன்றாமவரை வென்றார், ஆகவே முதலாமவர் மூன்றாமவரை வெல்வார் என்னும் தருக்கம் தேநீர்க் கடைகளில் நன்றாகச் செல்லுபடியாகும். குத்துச்சண்டை மேடையில் ஆகாது. ஜோ பிரேசியர் 1971இல் அலியை வென்றார். கென் நோட்டன் 1973இல் அலியின் தாடையை உடைத்து வென்றார். ஜோர்ஜ் போர்மன் இவ்விருவரையும் இரண்டிரண்டு சுற்றுகளில் நொறுக்கினார். பிரேசியர் ஆறு முறை தரையில் விழுந்தார். இக்கணக்கின்படி போர்மன் முன்னிலையில் அலி நிற்கவும் இயலாது. 1974 ஒக்டோபரில் கின்சாசா நகரில், நாற்பது போட்டிகளில் தோல்வியே காணாத அந்தப் போர்மனை அலி எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். ஒருவர் பாணி மற்றொருவருக்கு ஒத்துவரும், இன்னொருவருக்கு ஒத்துவராது. வீழ்ந்தவர் பின்னர் செய்ததையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்: இருபது ஆண்டுகள் கழித்து, 1994இல், 45 வயதில் போர்மன் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். கின்சாசாவில் அலி வென்றது எத்தகைய மனிதரை என்பது அதன் பின் மேலுந் தெளிவாயிற்று.

எதிராளியின் பெயர் மட்டும் மேடையேறி, ஆள் ஏறாத சண்டை ஒன்றும் உண்டு. 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார். தம் பழைய நண்பரும் முன்னாள் எதிராளியுமான ஜிம்மி எல்லிசோடு காட்சிச் சண்டை செய்து காட்டினார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவ்விழாவிற் கலந்துகொண்டார். திரண்டிருந்த கூட்டம் கண்டது ஓய்வு பெற்ற வீரரொருவரின் களிப்பூட்டும் ஆட்டம். அதே ஆண்டு ஒக்டோபரில், 38 வயதில், இரண்டாண்டு இடைவெளிக்குப் பின், அலி லாஸ் வேகாஸ் நகரில் உலகச் சாம்பியன் லரி ஹோம்சை உண்மையாகவே எதிர்த்தார். தைரொயிட்டுச் சுரப்பிக்கான மருந்தினால் உடல் இளைத்துப் பார்வைக்கு இளமையாகத் தோன்றினார். உள்ளே வலு இல்லை. பத்துச் சுற்றுகளுக்கு அடிவாங்கினார். அதற்கு மேல் அவரை எழவிடாது அவர் தரப்பினரே சண்டையை நிறுத்தினர். ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்த ஹோம்ஸ், வென்ற பின் கண்ணீர் விட்டார். தாம் வென்றது யாரை என்பதை அவரினும் நன்கறிந்தவர் அங்கிலர். 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பதாக மருத்துவர் தெரிவித்தனர். ஹோம்சின் பட்டியலிலோ முகம்மது அலி என்னும் பெயர் மற்றப் பெயர்களைப் போலவே அச்சாகி நிற்கிறது. அவருடைய திறமைக்குச் சான்று வேண்டுவோர், 1978 யூனில் கென் நோட்டனோடு பதினைந்து சுற்றுகள் மோதி மயிரிழையில் வென்ற இரவையே பார்த்தல் வேண்டும்.

ஹோம்ஸ் 48 வெற்றிகளோடு 1985இல் மைக்கல் ஸ்பிங்சிடம் தோற்றார். மார்சியானோவின் 49 என்ற எண்ணை எட்ட ஒன்றே குறைவு. அந்த ஒன்று குறைந்ததால் அவர் சிறியவராகிவிடவில்லை. தோல்வியில்லாத பட்டியலைத் தேடி அலையும் முகாமையாளர்கள் இளம் வீரருக்கு வலுவற்றவர்களையே தேடிக் கொணர்வர். கூலிக்கு அடிவாங்க வருபவரின் உடலுக்கும் அது கேடு; கடினமான சுற்றொன்றை அறியாமலே பட்டத்துக்கு அனுப்பப்படும் இளைஞருக்கும் அது கேடு. அலி 61 போட்டிகளில் ஐந்தில் தோற்றார். அவற்றுள் பிரேசியரிடமும் நோட்டனிடமும் தோற்றவை, பலருடைய பத்து வெற்றிகளினும் பெறுமதி வாய்ந்தவை. அவ்விருவரையும் அவர் மீண்டும் எதிர்கொண்டார் என்பதே காரணம்.

இலங்கைக்கும் இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம். 1938இல் சிட்னி நகரில் நடைபெற்ற பேரரசு விளையாட்டு விழாவில் பார்ணி ஹென்றிக்கஸ் இறகுப்பாரப் பிரிவில் தங்கம் வென்றார். இந்நாடு அவ்விழாக்களில் பெற்ற முதலாவது தங்கம் அது. அமெரிக்கரோ இத்தாலியரோ ஆர்ஜென்டீனரோ அங்கு வரவில்லை. ஆகவே எதிராளிகள் குறைந்த தரத்தினர் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே பிரிவில் 1934இல் பேரரசுத் தங்கம் வென்ற தென்னாபிரிக்கர் சாள்ஸ் கட்டரல், 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டி வரை சென்று வெள்ளி பெற்றார். அந்தப் பதக்கத்தை வெல்லும் ஒருவர் உலக அரங்கில் எந்தப் படியில் நிற்கக்கூடும் என்பதற்கு அது ஒரு சான்று. கப்பலில் நெடுந்தூரம் சென்று களமிறங்கிய ஹென்றிக்கசின் வெற்றியைச் சிறிதென்று தள்ள இடமில்லை.

2010இல் டில்லியில் மஞ்சு வன்னியாராச்சி பொதுநலவாய விளையாட்டு விழாவில் வேல்ஸ் நாட்டின் சீன் மக்கோல்ட்றிக்கை இறுதிப் போட்டியில் வென்றபோது, 72 ஆண்டுகளுக்குப் பின் குத்துச்சண்டையில் மீண்டும் தங்கம் வந்ததென நாடு மகிழ்ந்தது. பின்னர் தடைசெய்யப்பட்ட மருந்து அவருடலில் இருந்ததென்று சோதனையிற் காணப்பட்டமையால் பதக்கம் பறிக்கப்பட்டு மக்கோல்ட்றிக்கிடம் சேர்ந்தது. தோற்றவராகப் பட்டியலில் இருந்தவர் வென்றவரானார். 2022ஆம் ஆண்டு விழா வரை, அவ்விழாக்களின் குத்துச்சண்டையில் இலங்கையின் பெயருக்கு நேரே நிற்கும் தங்கம் ஹென்றிக்கஸ் சிட்னியில் வென்ற அந்த ஒன்றே.