இசையாசிரியரும் வகுப்பறையும்

பாட வல்லார் பயிற்றவும் வல்லார் எனக் கொள்வது பழைய வழக்கு. குருவின் இல்லத்திற் சில மாணாக்கர் பல்லாண்டு தங்கிப் பயின்ற காலத்தில் இக்கொள்கை பொருந்தியது. இசை பாடசாலைப் பாடமான பின்னரோ, விருப்புடையாரும் விருப்பிலாரும் கலந்த வகுப்பொன்றிற்குக் குறித்த நேரத்துட் கற்பிக்கும் கடமை ஆசிரியருக்கு ஏற்பட்டது. அக்கடமைக்குப் பயிற்சி நெறிகள் அவரை எவ்வளவு ஆயத்தஞ் செய்கின்றன என்பது ஆராயத்தக்கது.

ஈழத்தில் இசையாசிரியராவதற்கு வழிகள் பல. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகத் தேர்வுகளை நடாத்தி வந்துள்ளது. 1947இல் யாழ்நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகளின் பெயரால் 1982இல் மட்டக்களப்பில் எழுந்த இசை நடனக் கல்லூரி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இசையிற் பட்டம் அளிக்கும் நிறுவகமாக வளர்ந்தது. இவை சிறப்பாக இசைப்புலமையை வளர்ப்பன. தேசிய கல்வியியற் கல்லூரிகளோ ஈராண்டு கல்லூரியிலும் ஓராண்டு பாடசாலையிலும் ஆசிரியரைப் பயிற்றுவன.

புலமைக்கும் போதனைக்கும் இடைவெளி உண்டு. ஆசிரியருடைய குரலுக்கு இசைந்த சுருதி சிறாருக்குப் பெரும்பாலும் இசையாது. பதின்மூன்று, பதினான்கு வயதளவில் ஆண்பிள்ளையின் குரல் உடைந்து தாழும். நேற்றுப் பாடிய வரிசையை இன்று பாடவியலாது தடுமாறுவான். இராக இலக்கணத்தை ஐயமறக் கற்ற புதிய ஆசிரியர் இதனை அறியாராயின், அப்பிள்ளையைச் சுருதி சேராதவன் எனத் தள்ளிவிடுவார். அன்று அடங்கிய வாய் பின்னர்த் திறவாமலும் போகலாம்.

பிள்ளை கொண்டுவரும் இசையறிவை மதித்தலும் பயிற்சியில் இடம்பெறற்பாலது. பாசிக்குடாவை உள்ளிட்ட மட்டக்களப்புப் பிரதேசம் கூத்து மரபிற் சிறந்தது. வசந்தன் ஆட்டத்திற் கோலடித்துப் பழகிய சிறுவனுக்குத் தாளம் உடலிலேயே ஊறியிருக்கும். அதனின்று தொடங்கும் ஆசிரியர் ஆதிதாளத்தை எளிதில் விளக்குவார். அதனை ஒதுக்குபவர் அறிந்த ஒன்றையே அறியாததாக்குவார்.

ஆதலின், பாடசாலையிற் கழியும் ஓராண்டே பயிற்சியின் உயிர்நிலை எனலாம். அனுபவமுள்ள இசையாசிரியர் ஒருவர் உடனிருந்து, பாடத்தைக் கண்டு, குறைகாட்டித் திருத்துவாராயின் அவ்வாண்டு பயன்படும். பட்டம் பெற்று நேரே நியமனம் பெறுவோர்க்கும் இத்துணை வேண்டற்பாலது. புதிய ஆசிரியரின் திறனை அவர் பாடும் கீர்த்தனையால் மட்டுமன்றி, பின்வரிசைப் பிள்ளையும் சுருதியோடு இணைந்து பாடுகின்றதா என்பதாலும் அளத்தல் முறையாகும்.