மாலே ஒன்றரை மணி. கட்டுநாயக்க ஏழு மணி

கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்துக்கும் மாலைதீவின் வெலானா சர்வதேச விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட நேர்வழித் தூரம் சுமார் 780 கிலோமீற்றர். மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு ஒரு மணி நேரம் போதும் எனக் கணக்கிடத் தோன்றும். ஆயினும் பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகின்றது. மேலெழும்பும்போதும் தரையிறங்கும்போதும் அவ்வேகம் இராது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரமும் அட்டவணையில் அடங்கும்.

மாலைதீவின் கடிகாரம் எமதை விட அரை மணி நேரம் பின்னிற்பது. காலை 10.00 மணிக்குப் புறப்படுபவர் அங்கு 11.00 மணிக்கே இறங்குவார். திரும்பும்போதோ இரண்டு மணி நேரம் கழிந்ததாகத் தோன்றும். பயணச்சீட்டில் குறிக்கப்படுவது அந்தந்த நாட்டு நேரமேயன்றி வேறில்லை.

மாலைதீவின் உல்லாச விடுதிகளை நாடிச் செல்வோரில் ஊவாவின் தோட்டப்புற இளைஞரும் பதுளை, வெலிமடைப் பகுதி முஸ்லிம் இளைஞரும் உளர். இவர்களுக்குத் தொலைவானது மாலே அல்ல, கட்டுநாயக்கவே. பதுளையிலிருந்து கட்டுநாயக்க, பறவை பறக்கும் வழியில் 130 கிலோமீற்றர்தான். வீதியிலோ அது இருநூற்று முப்பதையும் கடந்துவிடுகின்றது. கண்டி வழியாயினும் இரத்தினபுரி வழியாயினும் ஏழு மணி நேரமேனும் ஒதுக்க வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கிருக்க வேண்டும் என்பது வேறு. மடுல்சீமை, நமுனுகுலை போன்ற இடங்களின் லயத்திலிருந்து நகருக்கு வந்து சேரும் நேரத்தையும் கூட்டினால், ஒன்றரை மணி நேரப் பறப்புக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேர ஆயத்தம்! முதற் சம்பளத்தைக் காணுமுன்னரே வான் கூலிக்குக் கடன்படுவோரை நாம் அறிவோம்.

மத்தளை விமான நிலையமோ பதுளைக்குத் தெற்கே நேர்வழியில் 80 கிலோமீற்றர் அளவில் உள்ளது. எல்ல, வெல்லவாய, தணமல்வில வழியாக வீதித்தூரம் சுமார் 120 கிலோமீற்றர். அங்கிருந்து மாலேக்கு ஏறத்தாழ 870 கிலோமீற்றர். வானில் கூடுவது 90 கிலோமீற்றர், அதாவது ஏழெட்டு நிமிடங்கள். தரையில் மிஞ்சுவது மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

ஆனால், விமான நிறுவனங்கள் தூரத்தைப் பார்த்துப் பறப்பதில்லை. ஆசனம் நிரம்புமா, சரக்குக் கிடைக்குமா, தொடர் விமானம் உண்டா என்றே பார்க்கின்றன. 2013 மார்ச் 18 இல் திறக்கப்பட்ட மத்தளையிலிருந்து 2015 ஜனவரியில் ஸ்ரீலங்கன் விமான சேவை விலகியது. 2018 இல் பிளைதுபாயும் விலகியது. ஊவாப் பயணிகளை மட்டும் நம்பி நாள்தோறும் சேவை நடத்த இயலாது என்பதை நாமும் ஏற்கிறோம். அம்பாறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களையும் சேர்த்து வாரம் ஓரிரு சேவை நடத்த இயலுமா என்றேனும் ஆராயப்படலாகாதா?

மாலைதீவின் உல்லாசப் பயணப் பருவம் களைகட்டும் ஆண்டிறுதியே ஊவாவின் அடைமழைக் காலமும் ஆகும். 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளி பதுளை மாவட்டத்தின் வீதிகளை எப்படித் துண்டித்தது என்பதைக் கண்டோம். அம்மாதங்களில் விமானம் ஏறவிருப்போர் அன்றிரவுப் பயணத்தை நம்பாது, முந்திய நாட் காலையிலேயே மலையிறங்கிவிடுவது நன்று.