வார ஆஃப் – 6: ஒரகடத்துக்குக் கிழக்கே கடல்

சென்னையை அடுத்த ஒரகடத்துக்கு 2010-ல் ரெனோ–நிசான் ஆலை வந்தது, 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் சிப்காட் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இங்கே வேலை பார்ப்பவர்களில் பலர் உள்மாவட்டத்துக்காரர்கள், வடமாநிலத்துக்காரர்கள். கடலைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. ஆனால் வாரத்தில் கிடைக்கும் ஒரே ஒரு ஆஃபுக்குள் போய்த் திரும்பிவிடும் தூரத்தில்தான் வங்கக் கடல் இருக்கிறது.

வழி இரண்டு. படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் என்று போனால் சுமார் 45 கிலோமீட்டரில் கோவளம். சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று போனால் 50 கிலோமீட்டர் சுமாருக்கு மாமல்லபுரம்.

கோவளம் பழைய மீனவக் கிராமம். அதன் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தமிழ்நாட்டில் அதைப் பெற்ற முதல் கடற்கரை இதுதான். ஆனால் இளைஞர்களை இழுப்பது சான்றிதழ் அல்ல, அலை. உள்ளூர் மீனவரான மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012-ல் இங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். வலை இழுத்த வீட்டுப் பிள்ளைகள் பயிற்சியாளர்களானார்கள். குடி, புகை கூடாது என்பது அவர்களுக்கு விதி. 2013-ல் தொடங்கிய அலைச்சறுக்கு விழாவுக்குக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸே வந்தார். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தபோது ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியருக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது.

முதல்முறை போகிறவர்கள் கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில், பயிற்சியாளர் பிடித்துவிடும் நுரையலையில்தான் பழகுவார்கள். நின்றுவிட்டால் கொண்டாட்டம், விழுந்தால் வாய் நிறைய உப்புத் தண்ணீர்.

தனியாகக் குளிக்க இறங்குவது வேறு சங்கதி. கரைக்கு ஏறிவந்த தண்ணீர் மணல்திட்டுகளின் இடைவெளி வழியாக வேகமாகத் திரும்பிப் போகும். சுற்றிலும் அலை உடையும்போது ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், ஏரியில் நீந்திப் பழகியவர்கள் அதையே பாதுகாப்பான இடம் என்று நம்பிவிடுகிறார்கள். இழுப்பு அங்கேதான் இருக்கும். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகி, பிறகுதான் கரையேற வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இறங்காமலே இருப்பது நல்லது.

பசி எடுத்தால் மீன் வறுவல் கடைகள். மசாலா தடவிய சங்கரா, வஞ்சிரம், கடம்பா, இறால் எல்லாம் தட்டில் அடுக்கியிருக்கும். கைகாட்டினால் கல்லில் போட்டுத் தருவார்கள். மசாலா பூசிவிட்டால் பழைய மீனும் புதுமீன் மாதிரிதான் தெரியும். பூசாத மீனைக் கேட்டு வாங்கி, செவுள் சிவப்பாக இருக்கிறதா, தொட்டால் சதை குழிவிழாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு உட்காருவது உத்தமம். சின்ன ஃபைபர் படகுகள் கொண்டுவரும் கரையோர மீன் பையைக் கடிக்காது.

திங்கள் காலை முதல் ஷிப்ட் இருப்பவர்கள் மாலை நான்கு மணிக்கே வண்டியை எடுப்பது நல்லது. ஞாயிறு இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்கச் சென்னைக்குத் திரும்பும் கார்களாக இருக்கும். மாமல்லபுரத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகாமல், திருக்கழுக்குன்றம் வழியாக ஒரகடம் வந்துவிடலாம்.

(தொடரும்)