செல்லாக்காசு வந்த வழி

நாணய விசாரம் – 9

சென்ற வாரம் காசின் எடையைப் பற்றியும், அதை நிறுத்துப் பார்க்க நகைக்கடைத் தராசைவிட உகந்த கருவி வேறில்லை என்பதைப் பற்றியும் எழுதியிருந்தேன். இந்த வாரத்துக்கென்று வேறு விஷயம் வைத்திருந்தேன். ஆனால் ஆனிச் சாரலில் நனைந்துகொண்டு தென்காசிக்குப் போய், அங்கே நண்பர் ஒருவர் வீட்டில் அவருடைய பாட்டனாரின் கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்த பிறகு, வேறொன்றை எழுத மனம் இடங்கொடுக்கவில்லை.

பாட்டனார் மலைச்சரக்கு வியாபாரி. காசி விசுவநாதர் கோயிலுக்கு அருகே ரதவீதியில் கடை வைத்திருந்தவர். கடையை மூடியபோது வீட்டுக்கு வந்த பெட்டியின் அடித்தட்டில், வியாபாரத்தில் வந்து சேர்ந்து, பிறகு எவரும் வாங்க மறுத்ததால் ஒதுங்கிப்போன காசுகள் ஒரு சுருக்குப் பை நிறையக் கிடந்தன. செல்லாக்காசே ஆனாலும் லட்சுமியை வெளியே எறிய வியாபாரிக்கு மனம் வராது. ஆகவே எவரும் திட்டமிட்டுச் சேர்க்காத ஒரு சேகரம், நாற்பது ஐம்பது ஆண்டுகளில் தானாகவே அங்கே உருவாகிவிட்டது.

இப்படிப்பட்ட காசுகளைக் காட்டுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, எந்த ராஜா காலத்தது, என்ன விலை போகும் என்ற இரண்டு கேள்விகளைத்தான். என் அனுபவத்தில் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தக் காசு இந்த ஊருக்கு எந்த வழியாக வந்தது? தென்காசியைப் போன்ற ஊரில் அக்கேள்விக்கு விடை கண்டுவிட்டால் பாதிக் காசுகள் தாமாகவே தம் பெயரைச் சொல்லிவிடுகின்றன. மேற்கே ஐந்தாறு மைலில் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரையில் அது திருவிதாங்கூர்ப் பக்கம். அதற்கப்பால் ஆரியங்காவுக் கணவாய். 1904 முதல் அக்கணவாயின் ஊடே கொல்லத்துக்கு இருப்புப்பாதை. கிழக்கே தூத்துக்குடித் துறைமுகமும், அதற்கப்பால் இலங்கையும் மலேயாவும். இரண்டு திசைக்கும் நடுவே உட்கார்ந்திருந்த கடையின் கல்லாவில் என்னதான் விழாது!

பையைக் கவிழ்த்ததும் நண்பரின் ஆச்சி ஒரு வெள்ளிக்காசைத் தேடி எடுத்து என் கையில் வைத்தார். "இது சோழராசா காசுன்னு எங்க வீட்டய்யா சொல்லுவாக. ஆயிரத்து நூத்திப் பதினாறுன்னு அதுலயே போட்டிருக்கு, பாருங்க ஐயா."

எழுத்துகளெல்லாம் தேய்ந்துபோய், 1116 என்ற இலக்கம் மட்டும் தெளிவாக இருந்தது. கிறிஸ்து சகாப்தம் 1116 என்றால் அது முதற் குலோத்துங்கனின் காலம் என்பதால், அந்தப் பெரியவர் நினைத்ததில் பிழையில்லை. ஆனால் மறுபக்கத்தில் மங்கலாகத் தெரிந்த வலம்புரிச் சங்கு திருவிதாங்கூரின் சின்னம். அந்த ராஜ்யத்தின் காசுகளில் பொறிக்கப்பட்டது கொல்லம் ஆண்டு. கொல்லம் 1116 என்பது 1940 ஆவணியில் தொடங்கியது. ஆக அது ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜாவின் காசு. ஆச்சி புகுந்த வீட்டுக்கு வந்த காலத்தையொட்டி அச்சானது. காசிலுள்ள ஆண்டைப் படித்தவுடன் அது எந்த சகாப்தம் என்று கேட்டுப் பழகுவது நாணய ஆராய்ச்சியின் அரிச்சுவடி. கொல்லத்தோடு 825-ஐயும், சகத்தோடு 78-ஐயும் கூட்ட வேண்டும். சயாமின் புத்த சகாப்தத்தில் 543-ஐக் கழிக்க வேண்டும். ஹிஜிரிக்கு மட்டும் இப்படி ஒரே எண்ணால் கணக்கிட முடியாது, அதன் ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் நம் ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைந்தது.

திருவிதாங்கூர்க் காசுகள்தாம் பையில் அதிகம். பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்பது அன்றைய கணக்கு. அந்த அரைச் சக்கரத்தை மனத்துக்குள்ளேயே கழித்துக் கூட்டிச் சரக்கு விற்ற எல்லையோர வியாபாரிகளின் கணித சாமர்த்தியத்தை எண்ணி வியக்கிறேன். பழைய வெள்ளிச் சக்கரங்கள் துவரம்பருப்பின் அளவே இருக்கும். விரலால் எண்ணினால் நழுவிவிடும் என்பதற்காக, வரிசை வரிசையாகச் சிறு குழிகள் குடைந்த பலகையின்மேல் அவற்றைக் கொட்டிக் குலுக்கி, குழிக்கொன்றாக உட்கார்ந்த பின் மிகுந்ததை வழித்துவிட்டு, பலகை கணக்கில் எண்ணுவார்கள். பைக்குள் அப்படிப்பட்ட சக்கரங்கள் மூன்று, செப்புக்காசு ஒன்றின் களிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன.

கிழக்கு வழியாக வந்தவற்றுள் இரண்டு சதுரக் காசுகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. இரண்டின் மூலைகளும் மழுங்கியவை, இரண்டிலும் ஐந்தாம் ஜார்ஜின் தலை. வெண்ணிறமானது இலங்கையின் ஐந்து சதம். தன் மதிப்பைச் சிங்களத்திலும் தமிழிலும் அது தாங்கியிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. செந்நிறமானது ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் எனப்பட்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்ப் பிரதேசங்களின் ஒரு சதம், ஆண்டு 1920. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு கப்பலேறிச் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் குடியமர்ந்ததையும், 1941-இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கமே ஏற்பட்டதையும் அறிந்தவர்களுக்கு, அந்தச் சதம் ரதவீதிக் கடைக்கு எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ஊருக்குத் திரும்பிய ஒருவரின் சட்டைப்பையில், சில்லறையோடு சில்லறையாக வந்திருக்கும்.

வி, ஓ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிய செப்புக்காசு ஒன்றும் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் அம்மூன்றெழுத்தைக் கண்டதும் கப்பலோட்டிய தமிழரின் நினைவு வருவது இயற்கை. ஆனால் இவை 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதலெழுத்துகள். 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியை அவர்கள் கைப்பற்றிய பிறகு முத்துக்கும் துணிக்குமாக இக்கரையில் புழங்கிய 'டியூட்' என்ற காசு இது. மறுபக்கத்திலுள்ள மரபுச் சின்னத்தைப் பார்த்து, ஹாலந்தில் அடித்ததா, ஸீலாந்தில் அடித்ததா, உட்ரெக்டில் அடித்ததா என்று பிரிக்கலாம்.

அதன் பக்கத்தில் கிடந்தது ஆங்கிலக் கம்பெனியின் இருபது காசு, 1808. இதை அந்நியக் காசென்பதா, நம் நாட்டுக் காசென்பதா? சென்னை மாகாணத்துக்கென்றே ஏற்பட்டது. ஆனால் அடித்தது பிர்மிங்காமில், மாத்யூ போல்டனின் சோஹோ நாணயசாலையில். இதோடு பிறந்த காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கடலடியில் கிடந்து பிறகு முக்குளிப்போரால் மீட்கப்பட்ட அக்காசுகள், புழங்காமையால் இன்றும் புதுக்கருக்கோடு இருக்கின்றன. வேறு கப்பலில் ஏறித் தப்பி வந்த இதுவோ, ஆயிரம் கைகள் பட்டு வழவழத்துக் கிடக்கிறது. எனக்கு இந்தத் தேய்ந்த காசின்மேல்தான் பிரியம்.

பழம்பாண்டியர் காசுகளுக்கு வந்தால் விசாரணை கடினமாகிறது. அவற்றில் அரசனின் பெயர் பெரும்பாலும் இராது. சோணாடு கொண்டான், எல்லாந்தலையானான், சமரகோலாகலன், புவனேகவீரன் என்று விருதுப்பெயர்களே இருக்கும். அந்த விருதைப் பூண்டவன் யார் என்பதைக் கல்வெட்டிலே தேட வேண்டும். வேலூரிலிருந்த டேனிஷ் பாதிரியார் லோவெந்தால், இச்சீமையில் கிடைக்கும் காசுகளுக்கென்றே 1888-இல் ஒரு நூலைச் சென்னையில் வெளியிட்டார். பல்லாண்டுகளாக எவரும் பொருட்படுத்தாத செப்புத் துணுக்குகளை ஒரு ஜில்லாவின் சரித்திர சாட்சிகளாக அவர் மதித்தது, பிற்பாடு வந்த எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம்.

அப்படி ஒரு சாட்சியை என் கையாலேயே அழித்திருக்கிறேன். பள்ளிக்கூட நாளில், குற்றாலத்துக்குப் போன இடத்தில் ஒரு பண்டாரம் கொடுத்த பச்சைப் பாசி படிந்த செப்புக்காசை, வீட்டிலே குத்துவிளக்குத் தேய்க்கிற முறைப்படி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது, அதன்மேல் இருந்த இரண்டு வரித் தமிழெழுத்து களிம்போடு போய்விட்டது. எழுத்தைக் காத்து நிற்பது அந்தக் களிம்புதான் என்று எனக்குச் சொல்ல அன்று ஆளில்லை. அருமை வாசகர்களே, புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், விபூதியும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் சுத்தத் தண்ணீரில் ஊறவிட்டு, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். பிறகு காலை வெயில் சாய்ந்து விழுகிற ஜன்னலோரத்தில் வைத்துக் காசை மெல்லத் திருப்புங்கள். நேர் வெளிச்சத்தில் காணாத எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் கட்டி எழும்பும்.

அன்று தென்காசியில் வெயில் இல்லை. மழை விட்ட சமயம் பார்த்து வாசல் திண்ணைக்கு வந்து, பையின் கடைசியில் இருந்த சிறு செப்புக்காசை வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். மேலே பிறை, நடுவே படுத்த காளை, கீழே இரண்டு எழுத்து. லென்ஸை ஆச்சியிடம் கொடுத்தேன். கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "செது" என்றார்.

சரியாகத்தான் படித்தார். கொம்பிலே குறில் நெடில் வேற்றுமை காட்டும் வழக்கம் வீரமாமுனிவர் காலத்துக்கு முன் பெரும்பாலும் இல்லை, அது 'சேது'. இந்தச் சொல்லைக் கண்டு இக்காசுகளை இராமநாதபுரம் சேதுபதிகளுக்கு உரியனவென்று முன்னோர் சிலர் கருதியதுண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகள் இவை என்பது பிறகு தெளிவாயிற்று.

நான் யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆச்சி கேட்டதாகத் தெரியவில்லை. "எங்க மாமியா ராமேசுவரம் போயிட்டு வந்தா, ஐயா. சேதுவுல முங்கிட்டு வந்தேன்னு சாகுற மட்டும் சொல்லுவா" என்றார். மற்றவற்றையெல்லாம் சுருக்குப் பையில் அள்ளிப் போட்டுவிட்டு, அந்தக் காசை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டார்.

(தொடரும்)