எழும்பூரிலிருந்து ஒத்தக்கடைக்கு

2004 ஜூலை 24 வரை நாகர்கோவில்காரருக்கு ஹைகோர்ட் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் காலையில் எழும்பூர். அங்கிருந்து பஸ் பிடித்து பிராட்வே. மண்ணடிப் பக்கம் ஒரு லாட்ஜில் குளித்து, வெள்ளை வேட்டி மாற்றி, மஞ்சள் பையில் கேஸ் கட்டோடு அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் நுழைய வேண்டும். 1892-இல் திறந்த கட்டடம் அது. எம்டன் கப்பல் குண்டு போட்டபோதும் அசையாமல் நின்றது என்று பெருமை பேசுவார்கள். தெற்கிலிருந்து வந்தவருக்கு அந்தப் பெருமையை ரசிக்க நேரமில்லை. எந்த ஹாலில் தன் வழக்கு என்று கண்டுபிடிப்பதற்குள் பாதிக் காலை போய்விடும். மத்தியானம் குமாஸ்தா வெளியே வந்து, "பெரியவரே, இன்னைக்கு நம்ம நம்பர் ரீச் ஆகல. நாளைக்கு இருந்து பாத்துட்டுப் போங்க" என்பார். நாளைக்கும் ஆகாது.

உள்ளபடி சொன்னால் மேல்முறையீட்டுக்கோ ரிட் மனுவுக்கோ கட்சிக்காரர் நேரில் வந்து நிற்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. வக்காலத்து கொடுத்தாகிவிட்டது, வக்கீல் பார்த்துக்கொள்வார். இருந்தும் போனார்கள். போகாவிட்டால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. வக்கீல் ஆபீசிலிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தடையாணை கிடைத்ததா, தள்ளுபடியானதா என்பது ஊருக்கு வந்து சேர நாட்கணக்கில் ஆகும். அதற்குள் எதிராளி வேலியை நகர்த்தியிருப்பார்.

இதில் நொந்தவர்கள் பெரிய சொத்துக்காரர்கள் அல்ல. முன்ஜாமீன் தேடுகிறவர், ஓய்வூதியம் நின்றுபோன ஆசிரியர், குண்டர் சட்டத்தில் மகனை உள்ளே போட்டதால் ஆட்கொணர்வு மனு போட வேண்டிய தாய் போன்றவர்கள்தான். கீழ்க்கோர்ட்டில் தோற்றவரில் எத்தனையோ பேர் மேலே போகாமல் நின்றதற்குத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது காரணமாக இருக்காது, ரயில் செலவு காரணமாக இருந்திருக்கும். எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர்கள் வரமாட்டார்கள். போடாத வழக்கை யார் எண்ணுவது?

தெற்கத்தி வழக்கறிஞர்கள் பல காலம் கேட்டும் போராடியும்தான் அந்த 2004 ஜூலையில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை வந்தது. மேலூர் சாலையில், ஒத்தக்கடைக்கு அருகே உலகனேரியில் கட்டினார்கள். கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி, திண்டுக்கல், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி, கரூர் என்று 13 மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் வந்தன. நெல்லையிலிருந்து தென்காசி பிரிந்ததால் இன்று 14. நாகர்கோவில்காரர் இப்போது விடியற்காலையில் பஸ் ஏறினால் கோர்ட் தொடங்கும் நேரத்துக்கு உள்ளே இருக்கலாம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். நீதித்துறைச் சீர்திருத்தம் என்று எத்தனையோ கமிட்டிகள் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கின்றன. என் கணக்கில் தென்மாவட்ட ஏழைக்கு அவை எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது இந்த ஒரு கட்டடம்.

அருகில் இருப்பதால் பயணச் செலவு மட்டும் மிச்சமாகவில்லை. 1993-இல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் போலீஸ் பிடித்துப்போன ஒருவர் காணாமல் போனார். அவர் மனைவி சென்னைக்கு வந்து, பிற்பாடு நீதிபதியான கே. சந்துருவை வக்கீலாக வைத்து ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். 'ஜெய் பீம்' படத்துக்குக் கரு கொடுத்த வழக்கு அது. காவலர்களுக்குத் தண்டனை என்ற இடத்துக்கு வந்து சேர 2006 ஆனது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது யாரும் மதுரைக்குப் போய் மனு போடுவதற்காக கோர்ட் காத்திருக்கவில்லை. நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு அடுத்தடுத்த நாட்களிலேயே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை நேரே ஸ்டேஷனுக்குள் அனுப்பியது. விசாரணைக்கு ஒத்துழைப்பு இல்லை என்று அவர் அறிக்கை அனுப்பியதும், அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. கொரோனா ஊரடங்கு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. சென்னையில் மட்டும் ஹைகோர்ட் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தெற்கத்தி ஊர்ப் பெயரைச் சொன்னதும் எந்தச் சாலை, எந்த ஸ்டேஷன் என்று புரிகிற தூரத்தில் ஒரு ஹைகோர்ட் அமர்வு இருப்பது சின்ன விஷயமில்லை. கோவைக்காரர்கள் தங்களுக்கும் ஒரு கிளை கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் கடன் வசூல் மாதிரி வழக்கு போட, கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஏழரை ரூபாய் கோர்ட் கட்டணமாக முன்கூட்டியே கட்ட வேண்டியிருந்தது. 10 லட்சம் ரூபாய் வர வேண்டியவர், அது வருமா வராதா என்று தெரியாமலே 75,000 ரூபாயைக் கீழே வைக்க வேண்டும். 2017-இல் அதை 3 விழுக்காடாகக் குறைத்தார்கள். அதே வழக்குக்கு இப்போது 30,000. லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொண்டால் கட்டியதும் திரும்பி வரும். இந்தக் குறைப்பைப் பற்றிப் பெரிதாக யாரும் கொண்டாடிப் பேசியதாக நினைவில்லை.

இலவச சட்ட உதவியின் கதை வேறு. 1976-இல் அரசியலமைப்பில் 39-ஏ பிரிவு சேர்ந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வி.ஆர். கிருஷ்ணய்யரும் பி.என். பகவதியும் தீர்ப்புகளில் அதற்கு உயிர் கொடுத்தார்கள். 1979-இல் பீகார் சிறைகளில் விசாரணையே தொடங்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களின் வழக்கு நாட்டை உலுக்கியது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இல் நிறைவேறி, நடைமுறைக்கு வர 1995 நவம்பர் ஆனது. நீதி கிடைக்கத் தாமதமாகிறது என்று கொண்டுவந்த சட்டமே எட்டு வருஷம் வாய்தா வாங்கியது! இன்று ஒவ்வொரு மாவட்ட கோர்ட் வளாகத்திலும் அந்த ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண் என்றாலே போதும், வருமானச் சான்று இல்லாமல் அரசுச் செலவில் வக்கீல் கிடைப்பார். காவலில் இருப்பவருக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் அப்படித்தான். இது தெரிந்த பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

சென்னை ஹைகோர்ட் வளாகத்தில் 2005 ஏப்ரலில் தொடங்கிய சமரச மையம், கோர்ட்டோடு இணைந்து நடப்பதில் நாட்டிலேயே முதலாவது. குடும்ப வழக்குகளுக்கு அது ஒரு வரம். லோக் அதாலத் விஷயத்தில் எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. விபத்து இழப்பீட்டு வழக்குகள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் முடிகின்றன என்பது உண்மை. ஆனால் அங்கே கையெழுத்துப் போடுகிறவர்களில் பலர் நியாயம் கிடைத்ததென்று போடுவதில்லை. இன்னும் எத்தனை வருஷம் அலைவது என்ற அலுப்பில், கிடைத்தவரை லாபம் என்று போடுகிறார்கள். அங்கே முடிந்ததற்கு அப்பீலும் கிடையாது. அலுப்பு யாருக்கு லாபம் என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரிகிற பெரிய மாற்றம் கைபேசியில் இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஓர் அடையாள எண். அதைத் தட்டினால் அடுத்த தேதி என்ன, போன தடவை என்ன நடந்தது, எதற்காகத் தள்ளிவைத்தார்கள் என்பது வந்து நிற்கும். முன்பு இதே செய்திக்காகத்தான் எழும்பூருக்கு டிக்கெட் எடுத்தார்கள். தீர்ப்பு நகலுக்கு மனு போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, பிரிவுக்குப் பிரிவு கவனித்து வாங்கிய காலம் போய், உத்தரவு இணையத்தில் இறங்குகிறது. குமாஸ்தாவின் அதிகாரம் பாதி கரைந்துவிட்டது. இ-ஃபைலிங் கட்டாயம் என்றபோது கீழ்க்கோர்ட் வழக்கறிஞர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. தாலுகா கோர்ட் வாசலில் ஸ்கேனரும் சீரான இணையமும் இல்லாத இடத்தில், கட்டாயம் என்பது ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒரு புதுத் தொழிலைக் கொடுப்பதில்தான் முடியும்.

வழக்கு கையில் வந்துவிட்டது, ஆனால் அதை வாசிக்க முடியவில்லை. கீழ்க்கோர்ட்டில் சாட்சி தமிழில் பேசுகிறார், தமிழில் பதிவாகிறது, தமிழில் தீர்ப்பு எழுத 1976-லேயே வழி செய்தாகிவிட்டது. அதே வழக்கு அப்பீலுக்குப் போனால் எல்லாக் காகிதத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து டைப் செட்டாகக் கொடுக்க வேண்டும், செலவு கட்சிக்காரருடையது. தன் வாயால் சொன்ன சாட்சியத்தைத் தானே படிக்க முடியாமல் நிற்கிறார் அவர். ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநில ஹைகோர்ட்டுகளில் இந்தியைப் பயன்படுத்த 1950-க்கும் 1972-க்கும் இடையில் அனுமதி கிடைத்துவிட்டது. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. மதுரையில் வழக்கறிஞர்கள் உண்ணாவிரதம்கூட இருந்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் கூடி யோசித்து ஏற்கவில்லை என்று 2012-இல் பதில் வந்தது. 2019-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மாநில மொழிகளில் வெளியிடத் தொடங்கியபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. இங்கிருந்து குரல் எழுந்த பிறகு சேர்த்தார்கள். இன்று மொழிபெயர்ப்பு மென்பொருள் வந்துவிட்டது, தீர்ப்புகள் தமிழில் கிடைக்கின்றன. வாதம் மட்டும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

வழக்கு முடிய ஆகும் காலத்தில் என்ன மாறியது என்று கேட்டால்தான் தடுமாற்றம். 1987-இல் சட்ட ஆணையம் கணக்குப் பார்த்தபோது 10 லட்சம் மக்களுக்கு பத்தரை நீதிபதிகள் இருந்தார்கள். 50 பேர் வேண்டும் என்று அது சொன்னது. 2002-இல் உச்ச நீதிமன்றமும் அதே 50-ஐ ஐந்து வருஷத்துக்குள் எட்டச் சொல்லி உத்தரவிட்டது. இன்று அனுமதிக்கப்பட்ட இடங்களையெல்லாம் கூட்டினாலும் ஏறத்தாழ 21. அதிலும் காலியிடங்கள் உண்டு. அதே 2002-இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் நடைமுறைச் சட்டத் திருத்தம், ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் இல்லை என்றது. எந்த முன்சீப் கோர்ட்டிலும் போய் அந்த விதியைச் சொல்லிப் பாருங்கள், பெஞ்ச் கிளார்க் உட்படச் சிரிப்பார்கள். நீதிபதி மேல் குற்றமில்லை. ஒரு நாளில் அவர் முன் அடுக்கியிருக்கும் கட்டுகளுக்கு வாய்தாதான் ஒரே வடிகால். நாடு முழுதும் கீழ்க்கோர்ட்டுகளில் 4 கோடி வழக்குகளுக்கு மேல் நிலுவையில் இருப்பதை, முன்பு யாருக்கும் தெரியாததை, இப்போது இணையத்தில் யாரும் பார்க்கலாம். தாமதத்தைக் குறைக்க முடியாவிட்டாலும் அதை அழகாகக் காட்டக் கற்றுக்கொண்டுவிட்டோம்.

ஜெயித்தவர் கதையும் அங்கே முடிவதில்லை. டிக்ரியைக் கையில் வைத்துக்கொண்டு நிறைவேற்று மனு போட வேண்டும். கோர்ட்காரர்கள் சுருக்கமாக இ.பி. என்பார்கள். இரண்டாவது ஆட்டம் அதில் தொடங்கும். எதிராளி மறுப்பு மனு போடுவார், எங்கிருந்தோ மூன்றாமவர் ஒருவர் முளைத்து இடம் என்னுடையது என்பார், அமீனா போய் வெறுங்கையோடு திரும்புவார். 1980-களில் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒரு நில வழக்கு இப்படித்தான் இழுபட்டு, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. முதலில் வழக்கு போட்டவரின் வாரிசுகள்தான் கடைசியில் நின்றார்கள். அந்தத் தீர்ப்பில்தான் நீதிபதிகள் எல்லா ஹைகோர்ட்டுகளிடமும் கணக்குக் கேட்டார்கள்: நிறைவேற்று மனுக்கள் எத்தனை நிலுவையில் இருக்கின்றன, ஆறு மாதத்துக்குள் முடிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று. அதே ஆண்டு அக்டோபரில் கணக்கு வந்தது. நாடு முழுவதும் 8.8 லட்சத்துக்கு மேல். மகாராஷ்டிரம் முதலிடம், தமிழ்நாடு அதற்கு அடுத்தது.