என் உறுமி எங்க?

“முகம் நல்லா இருக்கு தம்பி. என் உறுமி எங்க?”

சென்ற ஆண்டு நம் கழக இசை இரவு மலரின் அட்டையைப் பார்த்துவிட்டு, அதில் இடம்பெற்ற உறுமி மேளக் கலைஞர் என்னிடம் கேட்ட கேள்வி இது. படமெடுத்தவன் நான். வெளிநாட்டு இசை இதழ்களைப் பார்த்து, நானும் முகத்தை மட்டும் நெருங்கி எடுத்திருந்தேன். மலரோ அச்சாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அட்டைப் படத்தில் மூன்று அளவுகள் முக்கியமானவை. முகம் படத்தை நிறைத்தால் அது அண்மைக் காட்சி. கலைஞரின் எதிரில் அமர்ந்திருப்பது போன்ற நெருக்கத்தை அது தரும். இடுப்புக்கு மேல் காட்டுவது இடைநிலைக் காட்சி. முகம், கை, உடை யாவும் தெரியும். இரு பக்கமும் தலைப்புகளுக்கு இடமும் கிடைக்கும். தலை முதல் கால் வரை காட்டுவது முழு உருவக் காட்சி. அங்கே உடலின் நிலையே செய்தி.

அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழிலிருந்து இரு சான்றுகள். 1992 ஏப்ரலில் ‘நிர்வாணா’ குழு அதன் அட்டையில் வந்தது. பாடகர் கர்ட் கோபேன், பெருநிறுவன இதழ்களைச் சாடும் வாசகம் எழுதிய டி-சட்டையை அணிந்திருந்தார். முகத்தை மட்டும் காட்டியிருந்தால் அந்தக் கிண்டல் வாசகரை எட்டியிராது.

அடுத்தது, 1981 ஜனவரி 22 இதழின் அட்டை. படமெடுத்தவர் ஆனி லீபோவிட்ஸ். ஜான் லெனன் ஆடையின்றி, குழந்தையைப் போலச் சுருண்டு, மனைவி யோகோ ஓனோவை அணைத்திருக்கிறார். மேலிருந்து எடுத்ததால் மடங்கிய காலும் பற்றிய கையும் தெளிவாகத் தெரிகின்றன. 1980 டிசம்பர் 8ஆம் நாள் எடுத்த படம் அது. அன்றிரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். முந்தைய 40 ஆண்டுகளின் சிறந்த இதழ் அட்டையாக 2005இல் அமெரிக்க இதழாசிரியர் சங்கம் அதைத் தேர்ந்தெடுத்தது.

இவற்றைப் பார்த்த பிறகே என் தவறு புரிந்தது. உலகமறிந்த பாடகருக்கு முகமே போதும்; பெயர் தானாக நினைவுக்கு வரும். நம் உறுமிக் கலைஞரைத் தைப்பூசத்தில் ஆயிரம் பேர் கேட்டிருப்பர். முகத்தை எத்தனை பேர் அறிவர்? வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறும வைக்கும் அந்தக் கைதான் அவருடைய அடையாளம். அதை நான் வெட்டிவிட்டேன்.

அடுத்த மலருக்குப் படமெடுக்கப் போகும் தம்பி தங்கைகளே, படக்கருவியைத் தூக்குமுன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: “அண்ணே, உங்களை எப்படிக் காட்டணும்?”